பூசைத் தட்டில் சாவி

அன்று காலை எஃப்.எம். ஸ்டேஷன் மொட்டைமாடியில் இருந்தவர்கள் ஜெனரேட்டர் ஆபரேட்டர் முனிராஜ், அவருடைய மனைவி தனக்கோடி, மகன் நரேஷ், ஸ்டேஷன் இன்ஜினியர் மமதா, வாசல் காவல் தியோடர். இவர்களைத் தவிர ஈ காக்கை அங்கே இல்லை. தாங்களும் நின்று பார்த்ததாகப் பின்னால் முனிராஜின் ஈஜிபுரா தெருவில் கதை சொன்னவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் அவரவர் ஸ்கூட்டருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆயுத பூசை நாள். அடுகோடிப் பகுதியில் லேத் பட்டறை, வெல்டிங் கடை, டிங்கரிங் ஷெட் எல்லாம் கழுவிவிட்ட தரையும் வாழைக்கன்றுமாக நின்றன. உடைத்த சாம்பல் பூசணிக்காயிலிருந்து குங்குமம் தெருவெங்கும் தெறித்துக் கிடந்தது. பட்டறைகளுக்கு நடுவே மூன்று மாடிக் கட்டடத்தில் அந்த எஃப்.எம். ஸ்டேஷன். உச்சியில் டவர், பின்பக்கம் தகரக் கொட்டகையில் டீசல் ஜெனரேட்டர். மீசை கறுத்திருந்த காலத்தில் அந்தக் கொட்டகைக்கு வந்தவர் முனிராஜ். கரெண்ட் போனால் பாட்டு நிற்கக் கூடாது. அவருடைய வேலை அவ்வளவுதான். நின்றதும் இல்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் டீக்கடை ரேடியோ பாடுகிற தெருவில் நடக்கும்போது, அந்தப் பாட்டைத் தன் தோளில் சுமந்து போகிறவரைப் போல நிமிர்ந்து நடப்பார்.

அந்த வருடம் ஸ்டேஷனில் செலவைக் குறைக்கிற வேலை நடந்தது. கரெண்டைக் குடித்துக்கொண்டிருந்த பழைய டிரான்ஸ்மிட்டர் போய், அதில் பாதிகூட இழுக்காத புதியது வந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருந்த ஏசி அறைகளில் இப்போது மெல்லிய குளிர்தான். மொட்டைமாடி முழுக்கச் சோலார் பேனல், கீழே ஓர் அறை நிறைய பேட்டரி. பகலில் வெயில் பேட்டரியை நிரப்பும். மாலையில் அதிலேயே ஸ்டேஷன் ஓடும். மின்வாரியக் கரெண்டும் குறைவு, டீசலுக்குக் கொட்டி அழவும் வேண்டாம். இருந்த இரண்டு ஜெனரேட்டர்களில் ஒன்று இந்த வேலை தொடங்கியபோதே பழைய இரும்புக்குப் போய்விட்டது. மற்றது மாதக் கடைசியில் போகும் என்று மமதா சொன்னாள். "சரிங்கம்மா" என்றார் முனிராஜ்.

பேனல் மாட்டியது நரேஷ். சோலார் கம்பெனியில் அவனுக்கு வேலை. அப்பன் கொட்டகையில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, மகன் தலைக்கு மேலே நின்று அந்த இன்ஜினுக்கு வேலையில்லாமல் செய்தான். அவன் மாட்டாவிட்டால் வேறொருவன் மாட்டியிருப்பான். இதை இருவரும் அறிவார்கள். அறிந்திருந்தும், அதற்குப் பிறகு வீட்டில் "சோறு வை", "தண்ணி வந்துச்சா" என்பதைத் தாண்டி அவர்கள் பேச்சு நீளவில்லை.

பூசைக்கு முனிராஜ்தான் நின்றார். பேனலுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று அவரே சொன்னது நரேஷுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"புதுசா வந்த ஆளுக்கு மரியாத பண்ணாம வுட்டா நம்ம மரியாத என்னாவறது" என்றார்.

தனக்கோடி மஞ்சளையும் சந்தனத்தையும் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தாள். "தண்ணியில கொழச்சா மழையில வழிஞ்சிடும். எண்ணெய்ன்னா ஒட்டிக்கினு நிக்கும்."

"ஒண்ணும் விட வேண்டாம் தனக்கோடியம்மா, எல்லாத்துக்கும் இடுங்க" என்றாள் மமதா. கன்னடக்காரி. தமிழ் வரும், கன்னடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரும். "இஷ்டு பேனல், இவ்ளோ பேனல், ஒரே இடத்துல பாத்தா யார் கண்ணும் படும்."

ஒவ்வொரு கண்ணாடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று பட்டை, நடுவே குங்குமம். நரேஷ் வாழைக்கன்றுகளை வரிசைக்கு வரிசை கட்டினான். தியோடர் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் பூசணிக்காய் உடைக்கிற உரிமையை எந்த வருடமும் யாருக்கும் விட்டதில்லை.

"ஓரமா ஒட, தியோடர். பேனல் மேல வுட்டுடாத" என்றான் நரேஷ்.

"என் கை குறி தப்பாது கண்ணா. உன் கல்யாணத்துக்கும் நான்தான் ஒடைப்பேன், பொண்ணு யாருன்னு மட்டும் சொல்லிடு."

தனக்கோடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வானம் மூடிக் கிடந்ததால் தரையில் யாருடைய நிழலும் விழவில்லை.

பிறகு கொட்டகைக்கு வந்தார்கள். ஜெனரேட்டரை முனிராஜ் விடியலிலேயே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். சாமந்தி மாலை சாற்றி, சாவியைக் கழற்றிப் பூசைத் தட்டில் வைத்து, அதன்மேல் குங்குமமும் பூவும் இட்டார். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூசை ஆகும்வரை தொடக்கூடாது. கத்தியானாலும் கரணையானாலும் அதற்கு அன்று ஓய்வு. இரண்டு ஜெனரேட்டர் இருந்தவரை ஒன்று பூசையில் உட்காரும், மற்றது வேலை பார்க்கும். இந்த வருடம் ஒன்றுதான்.

"உங்க வண்டிக்கும் ஒரு நாள் ரஜா கொடுங்க முனிராஜண்ணா" என்று மமதா சிரித்தாள். "சோலார் இருக்கு, பேட்டரி இருக்கு. பயம் பேடா."

முனிராஜ் சிரிக்கவில்லை.

மாலையில் மழை பிடித்தது. தனக்கோடியும் நரேஷும் ஈஜிபுரா வீட்டுக்குப் போயிருந்தார்கள். மமதா பூசைப் பொரியை வாங்கிக்கொண்டு மதியமே கிளம்பிவிட்டாள். மாடியில் பாட்டுப் போடுகிற ஆட்கள் கண்ணாடி அறைக்குள். கொட்டகையில் முனிராஜ், வாசலில் தியோடரும் அவனுடைய சின்ன ரேடியோவும்.

எங்கோ மரம் விழுந்திருக்க வேண்டும், தெரு மொத்தமும் அணைந்தது. முனிராஜின் கை தானாக எழுந்தது. எழுந்த கை, வேலை இல்லை என்று தெரிந்து, மடியில் வந்து விழுந்தது. தியோடரின் ரேடியோ நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, அவர் இல்லை. பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவர் தகரக் கூரையில் மழை அடிப்பதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.

அப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு பேட்டரி அறையிலிருந்து ஒரு கூவல் கிளம்பியது. பறவைக் குஞ்சு கத்துவதுபோல விட்டு விட்டுக் கத்தியது. முனிராஜ் எழுந்தார். கூவல் வேகமாயிற்று. பிறகு அதுவும் நின்றது. தியோடரின் ரேடியோவில் பாட்டு பாதி வரியில் அறுந்து, எண்ணெய் காய்வதுபோன்ற இரைச்சல் மட்டும் வந்தது.

"அண்ணா! ரேடியோ நின்னுட்ச்சுண்ணா!"

பூசைத் தட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூவுக்கடியில் சாவி. முனிராஜுக்கும் அதற்கும் நடுவே ஓர் எட்டு தூரம். அவர் நின்றார். அத்தனை வருடமும் அவர் பயந்தது இந்த ஒரு சத்தமின்மைக்குத்தான். வந்துவிட்டது. வந்தபின்பும் கால் நகரவில்லை. நகரவில்லை என்பதைவிட, அவர் நகர்த்தவில்லை.

தியோடர் நனைந்துகொண்டு ஓடிவந்து வாசலில் நின்றான். "இன்னாண்ணா, ஸ்டார்ட் பண்ணலியா?"

"எடுக்கல தியோடர். சாவியத் திருப்பி இழுத்து இழுத்துப் பாத்துட்டேன். வண்டி எடுக்கல."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது பொய் என்று அவருக்கே உறைத்தது. முனிராஜ் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆகவே தியோடர் அதை அப்படியே நம்பி, மமதாவுக்குப் போன் போட்டு அப்படியே சொன்னான். மமதா நரேஷைக் கூப்பிட்டாள். நரேஷ் கொட்டும் மழையில் வண்டியை விரட்டி வந்தான். அவன் வந்து சேரும்வரை ஊருக்கு அந்த ஸ்டேஷன் இல்லை.

கொட்டகைக்குள் வந்தவன் நேராக இன்ஜினிடம் போய்ச் சாவித் துளையைத் தடவினான். சாவி இல்லை. திரும்பித் தட்டைப் பார்த்தான். பூவை ஒதுக்கிச் சாவியை எடுத்துப் போட்டுத் திருப்பினான். ஒரே திருப்பு. மாலையோடு சேர்ந்து இன்ஜின் உதறிக்கொண்டு எழுந்தது. வாசலில் தியோடரின் ரேடியோ மறுபடி பாடியது.

"சபாஷ்டா கண்ணா! உனக்கு மட்டும் எடுக்குதே!" என்று தியோடர் கத்தினான்.

நரேஷ் தன் விரல் நுனியைப் பார்த்தான். குங்குமம், சாவியில் அதுவரை கலையாமல் இருந்த குங்குமம், சிவக்க ஒட்டியிருந்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். அப்பன் முகத்தைப் பார்க்காமல் பேட்டரி அறைக்குப் போனான்.

மறுநாள் தனக்கோடி சித்ரான்னம் கிளறிக்கொண்டிருந்தபோது மமதாவின் போன் வந்தது. நரேஷ் ஸ்பீக்கரில் போட்டான்.

"நரேஷ், ஹெட் ஆபீஸிந்து பரத்துன்னு ஒருத்தர் வர்றார். நாளைக்கு விசாரணை. அவருக்கு உங்க மேலதான் டவுட்."

"என் மேலயா மேடம்?"

"பேட்டரி ஏன் தீர்ந்துச்சு? இன்னொரு பேட்டரி விக்க சோலார்காரங்க நாடகம்ன்னு சொல்றார். முனிராஜண்ணா இழுத்தா எடுக்காத ஜெனரேட்டர், நீங்க வந்து தொட்டதும் எடுத்துச்சில்ல? முதல்லயே ஏதோ அடைச்சு வெச்சு, அப்புறமா திறந்துட்டீங்கன்னு அவர் எண்ணம். போலீஸ் கம்ப்ளெய்ன்ட் வரைக்கும் பேசறார். நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

போன் அணைந்தது. அடுப்பில் கடலைப்பருப்பு கருகுகிற வாசனை வந்தது. தனக்கோடி கவனிக்கவில்லை.

"போலீசா? நம்ம வூட்டுக்கா?" என்றாள். "ஏங்க, கேட்டீங்களா? ஒரு சொல் பேசுங்களேன்."

முனிராஜ் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். அவர் குடும்பத்தில் யாரும் இதுவரை போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. சந்தில் அடிதடி நடந்தால்கூட அவர் வீட்டுக் கதவைத்தான் பஞ்சாயத்துக்குத் தட்டுவார்கள். சந்துக்குள் ஏதாவது ஒரு வண்டி வந்து நின்றால், அன்று முழுக்கத் தனக்கோடி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிலிண்டர்காரன் வந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மேல்வீட்டுக்காரி, "இன்னாக்கா, பண்டிக அதுவுமா மொகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

"இத பாருங்க" என்று கணவர் பக்கம் வந்து உட்கார்ந்தாள். "நீங்க தான அங்க இருந்தீங்க. நீங்க இழுத்தப்ப எடுக்கல. கோளாறு இருந்துச்சுன்னு அந்தாளுகிட்ட சொல்லுங்க. உங்க சொல்லுக்கு அங்க மதிப்பு இருக்குது. என் புள்ள மேல பழி வராம சொல்லுங்க."

"சொல்றேன்."

"சொல்றேன்னா, எப்டி சொல்வீங்க? எனக்கு சொல்லிக் காட்டுங்க."

"தனம், சும்மா இரு."

"எப்டி சும்மா இருக்கறது? நேத்து கல்யாணம் பண்ணலாம்னு பேசினோம் அவனுக்கு. கேசு இருக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வேலயும் போயிடும், பேரும் போயிடும்…"

சித்ரான்னத்தை யாரும் தொடவில்லை. மூடி வைத்த பாத்திரம் அப்படியே ஆறியது.

பொழுது சாய்வதற்குமுன், வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் நரேஷ் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். முனிராஜ் வந்து நின்றார்.

"சாவிய நீதான தட்டுலேந்து எடுத்த?"

"ஆமா."

"அந்தாளு கேட்டா இன்னா சொல்வ?"

நரேஷ் சக்கரத்தைத் தேய்த்தான். "டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கும்னு சொல்லுவேன். நீ இழுத்து இழுத்து அது வெளிய போயிருக்கும். நான் வந்தப்ப எடுத்துச்சு."

"நம்புவானா?"

"நம்பினா நம்பட்டும், நம்பாட்டி போவட்டும் நைனா."

"நரேஷு."

"இன்னா நைனா."

மகன் தலை நிமிராமல் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான். தெரிந்துகொண்டிருக்கிறான். தெரிந்தும் தனக்காகப் பொய்யைத் தயார் செய்து வைத்திருக்கிறான். போலீஸ் வருமோ என்று நடுங்கிய மனிதருக்கு இப்போது வேறொரு பயம் வந்து குந்தியது. போலீஸ் வந்தாலும் வராவிட்டாலும் இனி இந்தப் பையன் தன்னை இப்படித்தான், தலை நிமிராமல், பார்ப்பான்.

விசாரணை பேட்டரி அறைக்கு வெளியே நடந்தது. பரத் சின்ன வயதுக்காரன். மரியாதையாகப் பேசினான். அதுவே முனிராஜுக்கு இன்னும் பயமாக இருந்தது. மமதா வந்தவள் உட்காரவில்லை. போனோடு நேரே மொட்டைமாடிக்கு ஏறிப்போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"சார், பேட்டரி விஷயத்துல தப்பு நம்மது. என்னதும்தான்" என்று, பேனல் தந்த கரெண்டைக் கோடு கோடாகக் காட்டுகிற போனை நீட்டினாள். "பூசை முடிஞ்ச நேரத்துலேந்து நோடி, பாருங்க. எல்லா வரிசையும் பாதிக்குக் கீழ. கண்ணாடி மேல மஞ்சப் பட்டை. எண்ணெய்ல குழைச்சது, மழையில போகல. மேகம் விலகி வெயில் வந்தப்ப வாழைமர நிழல் வேற. ஒரு பேனல் மேல கொஞ்சம் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க இறங்கிடும். பேட்டரி நிரம்பவே இல்ல. எல்லாத்துக்கும் இடுங்கன்னு சொன்னதே நான்."

பரத் வெகுநேரம் அந்தக் கோடுகளைப் பார்த்தான். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "சரி. பேட்டரி கதை முடிஞ்சது. எனக்கு ஜெனரேட்டர் கதை வேணும். நரேஷ், சொல்லுங்க."

"டீசல் லைன்ல காத்து இருந்திருக்கும் சார்."

"காத்து புகுந்தா லைனைக் கழட்டி வெளியேத்தணும். தானா சரியாகி ஒரே திருப்புல எடுக்காது. உங்களுக்கு இது தெரியாதா?"

நரேஷ் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்படின்னா வால்வை யாரோ மூடியிருக்காங்க. அப்புறம் யாரோ திறந்திருக்காங்க. நீங்கதானே கடைசியா தொட்டது?"

"நான் சாவிய திருப்பினேன், அவ்ளோதான் சார்."

"எடுக்காத வண்டி எப்படி எடுத்துச்சு?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா நான் கம்ப்ளெய்ன்ட் கொடுத்துடறேன். அங்க வந்து சொல்லுங்க." பரத் போனை எடுத்தான்.

தியோடர் குறுக்கே வந்தான். "சார், நல்ல புள்ள சார் அது. எங்க கண்ணு முன்னால வளந்தது."

"அவர் கெட்டவர்னு நான் சொல்லலையே."

பெயர் போகும், நாளைக்கு டீக்கடை வழியாக நடக்க முடியாது, தனக்கோடி முகத்தில் விழிக்க முடியாது. இவையெல்லாம் ஒரே சமயத்தில் வந்து முனிராஜை அழுத்தின. பக்கத்தில் மகன் நின்றான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

"சார்" என்றார் முனிராஜ். "அவன கேக்காதீங்க. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நான் இழுக்கவே இல்ல. சாவியத் தொடவே இல்ல."

"நைனா" என்றான் நரேஷ், தாழ்ந்த குரலில்.

"நீ சும்மா இரு."

மமதா ஓர் எட்டு முன்னால் வந்தாள். அவள் குரல் இளகியது. "பூசைக்கு இட்ட சாவி, மறுநாள்வரைக்கும் தொடக்கூடாது. அதுக்குத்தானே தொடல? ஹௌதா முனிராஜண்ணா? நான்கூட அன்னைக்கு ரஜா கொடுங்கன்னு சொன்னேனே."

தியோடர் வேகமாகத் தலையாட்டினான். "ஆமா சார். அவங்க சாமி வழக்கம் அது. ரொம்பக் கறாரு."

பரத் போனைக் கீழே வைத்தான். சாமி, வழக்கம், பண்டிகை. இதற்குமேல் எந்த ஹெட் ஆபீசும் கேட்காது. நால்வரும் முனிராஜின் வாயையே பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. சாமி மேல போடாதீங்க. கரெண்ட் போச்சுன்னா தானாப் போற கை இது. அன்னிக்கு நானேதான் புடிச்சு நிறுத்திக்கினேன். நிக்கட்டும்னு நெனச்சேன். டீசல் இல்லாங்காட்டி இந்த ஸ்டேஷன் ஓடாதுன்னு ஒருக்கா எல்லாருக்கும் தெரியட்டும்னு நெனச்சேன். தியோடர் கேட்டப்ப பொய் சொன்னேன். அந்தப் பொய் வந்து என் புள்ள தலையில உக்காந்துச்சு. எழுதறதுன்னா என் பேர எழுதிக்குங்க."

பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பை அறுக்கத் தொடங்கினார்கள். பரத் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போலீஸ் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை. "நாளைலேந்து நீங்க வர வேண்டாம்" என்றான். குரலில் கோபம் இல்லை.

மாதக் கடைசிவரைகூட இல்லை. மாலை, சால்வை, போட்டோ எதுவும் இல்லை. முனிராஜ் கொட்டகைக்குப் போய் மாற்றுச் சட்டையையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். நரேஷ் அதற்குள் மொட்டைமாடி ஏறி, வாழைக்கன்றுகளை வெட்டிச் சாய்த்து, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பேனல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் மஞ்சள் லேசில் விடவில்லை. அப்பன் கீழே வாசலில் நின்று, வேலை முடியும்வரை காத்திருந்தார். தியோடர் நாற்காலியைத் தள்ளிப் போட்டும் உட்காரவில்லை.

நரேஷ் வந்து வண்டியை எடுத்தான். மஞ்சள் ஏறிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அப்பனை நேராகப் பார்த்தான்.

"ஏறு நைனா. அம்மா தனியா ஒக்காந்து பயந்துக்கினு இருக்கும்."

முனிராஜ் ஏறி உட்கார்ந்தார். சிக்னலில் வண்டி குலுங்கி நின்றபோது மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையை எடுக்கவில்லை.

தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நரேஷ் பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுத்தான் என்று ஈஜிபுராவில் இன்றைக்கும் சிலர் பேசுகிறார்கள். அது பொய். நரேஷ் வாயைத் திறக்கவில்லை. சொன்னது முனிராஜ்.